நியமம் எழுத ஒரு போட்டி வையுங்கள்

பங்குனி மாதத்தில் மாங்குளத்திலிருந்து கிளிநொச்சிக்கு ஏ9 வீதியால் வருபவர்களுக்குத் தெரியும், வீதியின் ஒரு கரை நெல்லுக்குத்தான். காலபோக அறுவடை முடிந்த கையோடு படங்கை விரித்து, தார்ச்சூட்டில் நெல்லைப் பரப்பி, காலால் அளைந்துகொண்டு நிற்பார்கள். வாகனக்காரருக்குக் கோபம் வரும். பொலிஸ் வந்து ஏசிவிட்டுப் போகும். ஆனாலும் நெல் அங்கேதான் காயும். காரணம் ஓர் எண்: 14. ஈரப்பதன் 14 வீதத்துக்கு மேலே என்றால் நெல் சந்தைப்படுத்தல் சபை எடுக்காது. தனியாரிடம் கொண்டுபோனால் "ஈரம் கூட" என்ற ஒரு சொல்லில் விலை இறங்கும், இல்லாவிட்டால் மூட்டைக்கு இத்தனை கிலோ என்று கழிவு வெட்டுவினம்.

அந்த எண் சும்மா வந்ததில்லை. ஈரம் கூடினால் மூட்டைக்குள் பூஞ்சணம் பிடிக்கும், பூச்சி வரும், நெல் களஞ்சியத்தில் கிடக்காது. நியாயமான எண்தான். ஆனால் அந்த எண்ணைக் காட்டும் மீற்றர் ஆருடைய கையில் இருக்குது? அதைக் கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள்? மூட்டையின் எந்த இடத்திலிருந்து எத்தனை பிடி நெல் எடுத்து அளக்கவேண்டும்? மேலே இருந்து ஒரு பிடியா, நடுவிலிருந்தும் அடியிலிருந்துமா? இதையெல்லாம் யோசித்து, இரண்டு பக்கத்தாரும் ஏற்கும்படி எழுதிவைப்பதற்குப் பெயர்தான் தொழில்நுட்ப நியமம். தராசடியில் நிற்கும் ஐயாவுக்கு 14 மட்டும் தெரியும். மிச்சத்தைக் கேட்கலாம் என்பதே தெரியாது. அவருடைய மகள் கம்பஸில் மூன்றாம் வருடம் படித்தாலும் இதே நிலைதான், ஏனென்றால் கலைப்பீடத்தில் இதை ஒருவரும் எடுப்பதில்லை, பொறியியற் பீடத்தில் எடுத்தாலும் கணக்குச் செய்யத் தேவையான அட்டவணையாகத்தான் எடுக்கிறார்கள்.

எங்கள் கேட்பு சின்னது. வன்னியில் படிக்கும் மாணவர்களுக்கும் வன்னியிலிருந்து போய்ப் படிக்கும் மாணவர்களுக்கும் நியமம் எழுதும் போட்டி ஒன்று வேண்டும். நியமங்களைப் பற்றிய வினாடி வினா அல்ல, நியமத்தையே எழுதும் போட்டி. அதில் கலைப்பீடமும் நிற்கவேண்டும்.

"உங்களுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று அறிவியல் நகர் நண்பர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். தமிழ் படிக்கிற எங்களுக்குக் கட்டளைக் கலித்துறை என்றால் என்ன என்று தெரியும். நேரசையில் தொடங்கும் அடிக்கு ஒற்று நீக்கி 16 எழுத்து, நிரையசையில் தொடங்கினால் 17. ஓர் எழுத்துக் கூடினாலும் அது கட்டளைக் கலித்துறை இல்லை. எண்ணிப் பார்த்து ஆம், இல்லை என்று ஆர் சொன்னாலும் ஒரே பதில்தான் வரும். நியமத்தின் இலக்கணமும் அதுவே. கொழும்பிலிருக்கும் நிறுவனத்தைத் தமிழில் தரக்கட்டளைகள் நிறுவனம் என்று சொல்லும்போது பலருக்குக் 'கட்டளை' உத்தரவு மாதிரிக் கேட்கும். பொன்னை உரைத்துப் பார்க்கும் கல்லைக் கட்டளைக்கல் என்று சொன்ன மொழி இது. கட்டளைக்கு அளவு என்றும் பொருள் உண்டு.

போட்டியும் புதிதில்லை. யாப்பை எங்கட முன்னோர் சும்மா மனப்பாடம் செய்து மட்டும் படிக்கவில்லை. ஈற்றடியைக் கொடுத்து வெண்பா பாடச் சொல்வார்கள். தளை தட்டினால் சபை சிரிக்கும். அந்தச் சிரிப்புக்குப் பயந்தே இலக்கணம் உள்ளே இறங்கும். பாடசாலைக் காலத்தில் தமிழ்த்தினப் போட்டிக்குக் கோட்ட மட்டம், வலய மட்டம், மாகாண மட்டம் என்று பஸ் ஏறித் திரிந்த எவரும் இதை மறுக்கமாட்டார்கள். வகுப்பில் ஏறாதது போட்டிக்கு முதல்நாள் இரவு ஏறும்.

இனி விசயத்துக்கு வருவோம். வன்னியில் நியமம் என்றால் என்ன என்று தெரிய ஐ.எஸ்.ஓ. பற்றிய ஸ்லைட் எதுவும் தேவையில்லை. முகமாலையிலோ முல்லைத்தீவுப் பக்கமோ சிவப்புப் பலகையில் மண்டையோடு பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஒருநாள் அந்தப் பலகை கழற்றப்படுகிறது. அடுத்த நாள் அங்கே மாடு மேய்கிறது, அதற்கடுத்த மாதம் கிணறு வெட்டுகிறார்கள். நேற்றுவரை கால் வைக்கக்கூடாத நிலத்தில் இன்று பிள்ளையை விளையாட விடலாம் என்று ஒரு தாய் எதை நம்பி முடிவெடுக்கிறா? ஒரு கடதாசியை நம்பித்தான். அந்தக் கடதாசிக்குப் பின்னால் நிற்பது ஒரு நியமம்.

மனிதாபிமானக் கண்ணிவெடி அகற்றலுக்குச் சர்வதேச நியமம் வேண்டும் என்ற பேச்சு 1996 இல் டென்மார்க்கில் நடந்த ஒரு மாநாட்டில்தான் எழுந்தது. 1997 இல் ஐக்கிய நாடுகள் சபை முதலாவது நியமத்தை வெளியிட்டது. அதில் ஓர் எண் இருந்தது: 20 சென்ரிமீற்றர் ஆழம் வரை 99.6 வீதம் அகற்றப்பட்டிருக்க வேண்டும். இதை முதல்முறை வாசித்தபோது எங்களில் ஒருத்தி கேட்டாள், "அப்ப மிச்சம் 0.4 ஆற்ற காணிக்க?" ஆயிரத்துக்கு நாலு. புள்ளிவிபரக்காரருக்கு அது நல்ல பெறுபேறு. புதுக்குடியிருப்பில் தோட்டம் கொத்துகிறவருக்கு அது வேறு கணக்கு. 2001 இல் வந்த புதிய நியமத்தொகுதி, ஐமாஸ் என்று எங்கட பக்கத்து வெடி அகற்றும் ஆக்கள் சொல்வது, அந்த வீதத்தைக் கைவிட்டது. குறித்த பரப்பில், குறித்த ஆழம் வரை, எல்லா ஆபத்தும் அகற்றப்படவேண்டும் என்று எழுதியது. ஆழம் எவ்வளவு என்பதை அந்தந்த நாடு, நிலத்தின் எதிர்காலப் பாவனையையும் புதைந்திருப்பது என்ன என்பதையும் பார்த்துத் தீர்மானிக்கவேண்டும்.

ஒரு சொல் மாற்றம்தானே என்று தோன்றும். அந்த மாற்றத்துக்குள் எத்தனை கேள்வி இருக்கிறது என்று பாருங்கள். நிலத்தின் எதிர்காலப் பாவனை என்ன என்று ஆரைக் கேட்பது? மேய்ச்சல் தரை என்று கடதாசியில் இருக்கும் நிலத்தில் நாளைக்கு ஆழ்உழவு இயந்திரம் இறங்காதா? பிறகு 2009 அளவில் 'நியாயமான சகல முயற்சியும்' என்ற தொடர் இந்த நியமங்களுக்குள் வந்தது. முழு நிலத்தையும் தோண்டாமல், விசாரித்தும் சான்று பார்த்தும் சில பகுதிகளை ஆபத்தில்லை என்று விடுவிக்கலாம், ஆனால் அதற்கு நியாயமான சகல முயற்சியும் எடுத்திருக்க வேண்டும். நியாயமான முயற்சி என்றால் எவ்வளவு? ஊர்ப் பெரியவர் இரண்டுபேரைக் கேட்டால் போதுமா? இடம்பெயர்ந்து வெளிநாட்டில் இருக்கிறவரையும் கேட்கவேண்டுமா? அந்த இடத்தில் சண்டையில் நின்ற ஒருவர் பயமில்லாமல் வாய் திறக்க என்ன ஏற்பாடு? இது பொறியியற் கேள்வி இல்லை. சமூகவியலும் சட்டமும் மெய்யியலும் மொழியும் படிக்கிறவர்களின் கேள்வி. எங்கட பாடத்திட்டத்துக்குள் நேரே வந்து விழும் கேள்வி.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். நியமம் மேலிருந்து மட்டும் வருவதில்லை. இரும்புப் பல்லு வைத்த றேக்கால் மண்ணை மெல்ல மெல்ல வாரி, வெடியைப் பக்கவாட்டில் வெளிக்காட்டும் முறை 2000களின் தொடக்கத்தில் எங்கட வடக்கு மண்ணில் வளர்ந்த முறை. போர்க்களத்தில் சிதறிய இரும்புத்துண்டுகள் நிறைந்த நிலத்தில் உலோகத்தைத் தேடும் கருவி ஓயாமல் கத்தும். றேக் கத்தாது. ஒரு மீற்றர் அகல ஒழுங்கையில் முழங்காலில் இருந்து அந்த வேலையைச் செய்தவர்கள், செய்பவர்கள், எங்கட ஊர்ப் பெண்களும் ஆண்களும். குடும்பத்தைத் தனியாகத் தாங்கும் பெண்கள் அவர்களில் பலர். அவர்களின் கையிலிருக்கும் அறிவு எந்த மொழியில் எழுதப்பட்டது? அநேகமாக ஆங்கிலத்தில், வேறு ஆக்களால். ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 மார்கழியில் சேர்ந்தது. அதன்படி 2028 ஆனி 1க்குள் கண்ணிவெடி அகற்றி முடிக்கவேண்டும். வேலை முடியும்போது நிறுவனங்கள் பெட்டி கட்டும். அந்த அறிவைத் தமிழில் நியமமாக எழுதிவைக்க இப்பவே ஆள் வேண்டும்.

முகாம் காலத்தில் வேறோர் எண்தொகுதி எங்கட வாழ்க்கைக்குள் வந்தது. 2009 இல் செட்டிகுளம் பக்கத்து முகாம்களில் எங்களில் பலர் நாலு, அஞ்சு வயசுப் பிள்ளைகள். தண்ணிப் பவுசருக்கு வரிசையில் நின்ற கதையை அம்மாமார் இன்னும் சொல்லுவினம். ஒருவருக்கு நாளுக்கு ஆகக்குறைந்தது 15 லீற்றர் தண்ணீர், ஒரு குழாய்க்கு 250 பேருக்கு மேல் கூடாது, 20 பேருக்கு ஒரு மலசலகூடம், தலைக்கு 3.5 சதுர மீற்றர் கூரை என்று ஸ்பியர் என்ற கைநூலில் எழுதியிருந்தது அந்த அம்மாமாருக்குத் தெரியாது. ருவாண்டா அகதிகளின் நிலையைப் பார்த்த தொண்டு நிறுவனங்கள் 1997 இல் கூடித் தொடங்கிய வேலை அது. வரிசையில் நிற்கும் நேரத்துக்குக்கூட அதில் ஓர் அளவு உண்டு. தெரிந்திருந்தால் தண்ணி கூட வந்திருக்குமா? சொல்ல முடியாது. ஆனால் "தண்ணி காணாது" என்று கெஞ்சுவதும் "நீங்கள் எழுதிவைத்த 15 லீற்றர் எங்கே?" என்று கேட்பதும் ஒன்றில்லை.

கேட்டு வென்ற கதையும் எங்களிடம் உண்டு. பொருத்து வீடு நினைவிருக்கும். 2015, 2016 காலப்பகுதியில் வடக்கு கிழக்குக்கு 65,000 இரும்பு வீடுகள் என்று திட்டம் வந்தது. ஒரு வீட்டுக்கு ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா. அதற்கு முதல் இந்திய வீட்டுத்திட்டத்தில் 550 சதுர அடி கல்வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் கொடுத்தார்கள், சனம் தானே நின்று கட்டியது. மாதிரி வீட்டைப் பார்க்கப் போனவர்கள் கேட்டது எல்லாம் நியமக் கேள்விகள்தான். எங்கட வெயிலுக்கு உள்ளே எவ்வளவு சூடு வரும்? அத்திவாரம் எப்படி? எத்தனை வருசம் நிக்கும்? பிள்ளைக்குக் கலியாணம் ஆனால் ஓர் அறை கூட்டிக் கட்டலாமோ? பொறியியலாளர்கள் சுமையும் அத்திவாரமும் பார்த்தார்கள், பொருளியல் படித்தவர்கள் விலையைப் பிரித்துப் பார்த்தார்கள், வீட்டில் சமைக்கப்போகிறவர்கள் குசினியைப் பார்த்தார்கள். மூன்றும் சேர்ந்தபடியால்தான் அந்த எதிர்ப்புக்கு உறுதி இருந்தது. திட்டம் சொன்ன வடிவில் நடக்கவில்லை. நாங்கள் கேட்கும் போட்டி அந்தக் கூட்டை முன்கூட்டியே பழக்குவதற்குத்தான். அடுத்த திட்டம் வரும்போது ஓடி ஓடி ஆள் தேடக்கூடாது.

கலைப்பீடத்துக்கு இன்னும் கிட்டவான உதாரணம் வேண்டுமென்றால் உங்கள் ஆய்வுக்கட்டுரையைத் திறந்து பாருங்கள். எங்களுக்கு முந்தின பற்சுகளின் கட்டுரைகள் பெரும்பாலும் பாமினியில் அடித்தவை. பாமினி என்பது ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை ஒட்டிவைத்த வேலை. எழுத்துரு இல்லாத கொம்பியூட்டரில் 'அம்மா' என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று பல்லிளிக்கும். அப்படியான கோப்பில் எதையும் தேடமுடியாது. யுனிகோட்டில் 'அ' என்றால் எந்த நாட்டிலும் எந்தக் கருவியிலும் 2949. தமிழுக்கு அதில் 1991 இலேயே இடம் கிடைத்தது. 1999 மாசியில் சென்னையில் கூடிய தமிழ்நெற் மாநாட்டின் வழியாகத் தமிழ்99 விசைப்பலகை வந்தது. இலங்கை 2008 இல் தமிழுக்கென்று எஸ்.எல்.எஸ். 1326 என்ற நியமத்தை வெளியிட்டு, ரெங்கநாதன் தட்டச்சு வழிவந்த விசைப்பலகையை எடுத்துக்கொண்டது. நியமம் இருந்தும் அதற்குப் பிறகு பல வருசம் அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் பாமினிதான் ஓடியது. வட்டுவாகல் பாலத்தைப் பற்றியும் வன்னி நாட்டார் பாடலைப் பற்றியும் அக்காமார் எழுதிய கட்டுரைகள் தேடமுடியாத கோப்புகளாகக் கிடக்கின்றன. நியமம் ஒன்று எழுதப்படுவது பாதி வேலை. அதைப் பாவிக்கிற ஆக்களுக்கு அது ஏன் என்று தெரியாவிட்டால் மிச்சப் பாதி நடக்காது.

வேறு நாடுகள் இதைப் போட்டியாக்கியிருக்கின்றன. தென்கொரியா 2006 முதல் பாடசாலை மாணவர்களுக்கு நியம ஒலிம்பியாட் நடத்துகிறது. இப்போது வெளிநாட்டுக் குழுக்களும் போகின்றன. குழுக் குழுவாக இருத்தி, அந்த இடத்தில் ஒரு தலைப்பைக் கொடுத்து, நியம வரைவு எழுதச் சொல்வார்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2021 இலிருந்து பாடசாலைகளிலும் கல்லூரிகளிலும் நியம மன்றங்கள் தொடங்கி, அன்றாடப் பொருள் ஒன்றுக்கு நியமம் எழுதும் போட்டி வைக்கிறது. தமிழ்நாட்டிலும் அவை இருக்கின்றன. குடைக்கு நியமம் எழுது என்றால் பிள்ளை முதலில் குடையை விரித்துப் பார்க்கும், கம்பியை எண்ணும், காற்றில் பிடித்துப் பார்க்கும், பிறகு எவ்வளவு காற்றுக்கு அது திரும்பக்கூடாது என்று எழுதும். எழுதியவுடன் பக்கத்துக் குழு கேட்கும்: "காற்றை எப்படி அளப்பாய்?" அந்த ஒரு கேள்வியில் நடக்கும் படிப்பு பத்து விரிவுரைக்குச் சமம்.

இங்கே போட்டி என்றால் என்ன நடக்கும் என்றும் தெரியும். ஐ.எஸ்.ஓ. எப்போது தொடங்கியது, தலைமையகம் எங்கே, உலக நியம தினம் எப்போது என்று கேட்பார்கள். 1947, ஜெனீவா, ஒக்டோபர் 14 என்று ஒருவர் மணியை அடிப்பார். கேடயம், பொன்னாடை, படம், அடுத்தநாள் பேஸ்புக். அந்த மூன்று விடையும் தெரிந்தவரிடம் ஈரப்பதன் மீற்றரைக் கொடுத்தால் மூட்டையின் மேலிருந்து ஒரு பிடி எடுத்து அளந்துவிட்டுப் போவார். அதனால்தான் எழுதும் போட்டி என்று அடம்பிடிக்கிறோம்.

எழுதுவதும் தமிழில் நடக்கவேண்டும். இதில் பிடிவாதத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. நியம மொழியில் மூன்று படி இருக்கிறது: கட்டாயம் செய்யவேண்டியது, செய்வது நல்லது, விரும்பினால் செய்யலாம். ஆங்கிலத்தில் இந்த மூன்றுக்கும் தனித்தனிச் சொல் வைத்து, நியமத்தின் தொடக்கத்திலேயே வரைவிலக்கணம் கொடுத்துவிடுவார்கள். தமிழ் மொழிபெயர்ப்பில் 'செய்தல் வேண்டும்' என்பது முதல் இரண்டுக்கும் ஓடித்திரிகிறது. "குடிநீரை மாதம் ஒருமுறை பரிசோதித்தல் வேண்டும்" என்றால் அது கட்டளையா, புத்திமதியா? வழக்கு வந்தால் ஆர் பொறுப்பு? இதைத் தீர்க்கப் பொறியியலாளரால் தனியே முடியாது. தமிழ்த்துறை வந்து இருக்கவேண்டும். வந்திருந்து வினைமுற்றுகளைப் பற்றிச் சண்டை பிடிக்கவேண்டும். இலக்கண வகுப்புக்கு வெளியே வினைமுற்றுக்காக ஆராவது சண்டை பிடிப்பதைப் பார்க்க எங்களுக்கும் ஆசை.

தலைப்புக்குப் பஞ்சமில்லை. வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் சிறுநீரக நோய்ப் பயத்தில் சனம் வடிகட்டிய தண்ணீர் வாங்கிக் குடிக்கிறது. சந்திக்குச் சந்தி இயந்திரம். உலக சுகாதார நிறுவனம் புளோரைட்டுக்குச் சொல்லும் உச்ச அளவு லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். எங்கட நாட்டின் குடிநீர் நியமமான எஸ்.எல்.எஸ். 614 இன் 2013 பதிப்பு அதை 1.0 என்று இறுக்கியிருக்கிறது. வெயில் நாட்டில் ஆக்கள் கூடத் தண்ணி குடிப்பினம், அதனால் உடம்புக்குள் போகும் புளோரைட்டும் கூடும். வெயிலில் நின்று கச்சான் பிடுங்குகிறவருடைய தாகத்தையும் ஒரு தசமம் கணக்கில் எடுத்திருக்கிறது என்று பார்க்கும்போது எண்ணில் மனிசர் தெரிகிறார்கள். ஆனால் சந்தி இயந்திரத்தில் கான் நிறைக்கிறவருக்கு இந்த எண் தெரிய ஒரு வழியும் இல்லை. முன்னால் தொங்கவிடவேண்டிய பலகைக்கு ஒரு நியமம் எழுதச் சொல்லுங்கள். என்ன எழுத்தளவு, எந்தெந்த மொழி, கடைசிப் பரிசோதனைத் திகதி எங்கே, வடிகட்டி மாற்றிய நாள் எங்கே. ஒருநாள் போட்டிக்கு அளவான வேலை.

அல்லது பெயர். ஒரே ஆளின் பெயர் பிறப்புப் பத்திரத்தில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் ஒரு மாதிரி, பரீட்சைச் சான்றிதழில் இன்னொரு மாதிரி ஆங்கிலத்தில் கிடக்கும். எங்களில் ஒருவருக்கு 'ழ' மட்டும் மூன்று வேசம் போட்டிருக்கிறது. இடம்பெயர்ந்து பத்திரம் துலைத்து, திரும்ப எடுத்த குடும்பங்களுக்கு இது பெரிய இடி. தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுத ஒரு விதிக்கோவை, அதோடு பழைய பத்திரங்களை எப்படி ஏற்பது என்ற ஒரு பிரிவு. இது முழுக்க முழுக்கக் கலைப்பீட வேலை. இதில் பொறியியற் பீடத்து ஆக்கள் எங்களுக்கு உதவிக்கு வரட்டும், ஒரு மாற்றத்துக்கு.

எதிர்ப்புகளும் வரும். நியமத்தை வாசிக்கவே காசு வேண்டும் என்பது உண்மைதான். எஸ்.எல்.எஸ். நியமங்களும் ஐ.எஸ்.ஓ. நியமங்களும் விலைக்குத்தான். ஆனால் வெடி அகற்றல் நியமங்கள், ஸ்பியர் கைநூல், யுனிகோட் மூன்றும் இணையத்தில் இலவசம். அவற்றோடு தொடங்கலாம். குடிநீர், கட்டடம், நெல் பற்றிய பத்துப் பன்னிரண்டு எஸ்.எல்.எஸ். நியமங்களை நூலகத்துக்கு வாங்கிவைக்கப் பெரிய பணம் தேவையில்லை. ஒரு கலைவிழாவின் பந்தல் செலவை விடக் குறையும்.

மற்றது, "எழுதி என்ன, ஆர் வாசிக்கப்போகினம்?" என்ற கேள்வி. இது சரியான கேள்வி. போட்டி முடிந்து வரைவுகள் ஓர் அலுமாரிக்குள் போனால் நாங்களே அடுத்த வருசம் வரமாட்டோம். தரக்கட்டளைகள் நிறுவனம் புதிய நியம வரைவுகளைப் பொதுமக்கள் கருத்துக்கு விடும். அதற்கு வன்னியிலிருந்து கருத்து எழுதிப்போடுவதைப் போட்டியின் இரண்டாம் சுற்றாக வைக்கலாம். பதில் வராமல் விடலாம். ஆனால் எந்தப் பிரிவு, எந்த வசனம், என்ன திருத்தம், ஏன் என்று நாலு பத்தியில் எழுதப் பழகின மாணவர்கள் நாளைக்குப் பிரதேச செயலகத்தில் இருப்பார்கள், ஆசிரியராக இருப்பார்கள், கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில் இருப்பார்கள். கலைப்பட்டதாரிகள் போய்ச் சேரும் இடங்கள் அவைதானே. பொறியியலாளர் கொழும்புக்கோ கனடாவுக்கோ போனபிறகு நெல் மீற்றருக்கு முன்னால் நிற்கப்போகிறது நாங்கள்.

சான்றிதழுக்காக வருவார்கள் என்று சொல்லாதீர்கள். வரட்டும். தமிழ்த்தினப் போட்டிக்கும் முதலில் சான்றிதழுக்குத்தான் போனோம்.

நடத்துவது எப்படி என்று நாங்கள் பேசிவைத்திருப்பது இவ்வளவுதான். குழுவுக்கு நாலு பேர். அதில் இரண்டு பேர் கலைப்பீடமோ முகாமைத்துவமோ, மற்ற இரண்டு பேர் பொறியியல், விவசாயம், தொழில்நுட்பம் அல்லது பிரயோக விஞ்ஞானம். அறிவியல் நகரும், 2021 ஆவணியில் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவும், திருநெல்வேலியும் கலந்து வரவேண்டும், ஒரே இடத்து ஆக்கள் ஒரு குழுவாக வரக்கூடாது. காலமை தலைப்பும் பொருளும் கொடுப்பது, உண்மையான மீற்றர், உண்மையான நெல்மூட்டை. மத்தியானம் வரை அளப்பது, பின்னேரம் எழுதுவது. நடுவர் மேசையில் ஒரு பொறியியலாளர், ஒரு தமிழாசிரியர், அந்தப் பொருளை நாளாந்தம் பாவிக்கிற ஒருவர். நெல் என்றால் விவசாயி, வெடி என்றால் றேக் பிடித்த அக்கா. ஒரு வசனத்தை இரண்டு விதமாக விளங்கலாம் என்று மூன்றாவது நடுவர் சொன்னால் அந்த வசனத்துக்குப் புள்ளி இல்லை. ஒக்டோபர் 14 க்கு வைக்க ஆசைதான், ஆனால் மழை தொடங்கிவிடும், விதைப்பு நேரம், விவசாயி வரமாட்டார். ஆகவே முதலாவது போட்டியை மாசிக் கடைசியில், அறுவடை நடக்கும்போதே, பரந்தனிலோ முழங்காவிலிலோ ஒரு நெற்களஞ்சியத்தில் வைக்க இடம் கேட்கலாம் என்று இருக்கிறோம். மீற்றர் இரண்டு வேண்டும். ஒன்றை விவசாயப் பீடத்து நண்பர்கள் கேட்டுப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள், மற்றதுக்கு ஆள் தேடுகிறோம்.